ரோஜா நிறம் மாறியதா? குச்சி வெட்டும் முன் செடியை அடையாளம் காணுங்கள்

“சிவப்பு ரோஜான்னுதான் வாங்கி வச்சேன். இரண்டு வருஷத்துல செடி மாறிப்போய் இளஞ்சிவப்பா பூக்குதுங்க. மண்ணு சரியில்லையா?” வாலிகண்டபுரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். மண் மீது தவறில்லை. செடியும் மாறவில்லை. நீங்கள் வாங்கிய செடி இறந்துவிட்டது. அதைத் தாங்கி நின்ற வேறொரு செடி இப்போது பூக்கிறது.

நாற்றுப்பண்ணைகளில் விற்கும் பெரிய பூ ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுக்கட்டியவை. வேர் ஒரு ரகம், மேலே பூப்பது இன்னொரு ரகம். நுனிக்கருகல் நோயாலோ வறட்சியாலோ மேல்பகுதி காய்ந்தால், ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடி துளிர்விட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் அதில் குச்சி வெட்டி வயலில் நட்டால் என்ன ஆகும்? 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 2,000 செடிகள். வாசலில் நேர்ந்த தவறு வயலில் 2,000 மடங்காகும். ஆகவே கத்தரியை எடுக்கும் முன் செடியை அடையாளம் காண வேண்டும்.

பெயரை நம்பாதீர்கள்

நம் பக்கம் வாசனையுள்ள இளஞ்சிவப்பு ரோஜா எல்லாவற்றையும் ‘பன்னீர் ரோஜா’ என்கிறோம். அதில் பெரும்பாலும் இருப்பது எட்வர்ட் ரோஜா. வட இந்தியாவில் கன்னோஜ் போன்ற இடங்களில் பன்னீரும் அத்தரும் வடிப்பது டமாஸ்க் ரோஜாவில். இரண்டும் வேறு. ஆனால் உறவு உண்டு.

எட்வர்ட் ரோஜா ‘போர்பன்’ வகையைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அன்றைய பெயர் போர்பன். அங்கு வேலி ஓரங்களில் வளர்ந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் இயற்கையாகக் கலந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வகை வெளிப்பட்டதாகக் கருதப்படுகிறது. டமாஸ்க்கிடமிருந்து வாசனை வந்தது. மீண்டும் மீண்டும் பூக்கும் குணம் சீன ரோஜாவிடமிருந்து வந்தது. நம் சமவெளி வெயிலையும் தாங்குவதால் எட்வர்ட் உதிரிப்பூவுக்கும் பயிராகிறது, ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகவும் பயன்படுகிறது. சிவப்பு ரோஜா ‘மாறி’ இளஞ்சிவப்பாகப் பூத்ததன் ரகசியம் இதுதான்.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் செடியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மண்ணை லேசாக விலக்கினால், ஒட்டுச்செடியில் ஒரு முடிச்சு போன்ற வீக்கம் தெரியும். கிளை அதற்குக் கீழிருந்தோ மண்ணுக்குள்ளிருந்தோ வந்தால் அது வேர்ச்செடியின் கிளை. வீக்கமே இல்லாமல் பல தண்டுகள் கிளம்பியிருந்தால், அது பெரும்பாலும் குச்சியிலிருந்து வளர்ந்த சொந்த வேர்ச் செடி.

“ஐந்து இலை என்றால் நல்ல ரோஜா, ஏழு இலை என்றால் காட்டு ரோஜா” என்பார்கள். இதை நம்ப வேண்டாம். நல்ல ரகத்திலும் வீரியமான கிளையில் ஏழு சிற்றிலைகள் வரும். அதைவிட இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய செதிலைப் பாருங்கள். அது சீப்புப் பல் போலக் கிழிந்திருந்து, சிறிய வெள்ளைப் பூக்கள் பெரிய கொத்தாக வந்தால், அது மல்டிஃப்ளோரா என்ற வேர்ச்செடி ரகம். பூ வியாபாரத்துக்கு உதவாது.

தண்டில் வளைந்த முட்கள் மட்டும் இருக்கின்றனவா, இடையிடையே ஊசி போன்ற சிறு முட்களும் நெருக்கமாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பின்னது டமாஸ்க்கின் அடையாளம். எட்வர்ட், இதழ்கள் அடுக்கடுக்கான, நல்ல வாசனையுள்ள இளஞ்சிவப்புப் பூ. உதிரிப்பூவுக்குப் பயிராகும் மற்றொரு முக்கிய ரகம் ஆந்திரா சிவப்பு.

இத்தனை பார்த்தும் பெயர் பிடிபடவில்லையா? கவலை வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பழைய வீடுகள், கல்லறைத் தோட்டங்களில் கவனிப்பின்றித் தாக்குப்பிடித்த ரோஜாக்களைத் தேடிக் குச்சி எடுத்துப் பெருக்குபவர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரியும்வரை கிடைத்த இடத்தின் பெயரையே வைத்துக்கொள்வார்கள். நீங்களும் ‘கிணற்றடி ரோஜா’ என்று எழுதி வையுங்கள். தெரியாத செடிக்குத் தெரிந்த ரகத்தின் பெயரைச் சூட்டி விற்பதுதான் தவறு.

பெயரைவிட நடத்தை முக்கியம். மாதம் எத்தனை பூ, எந்த மாதத்தில் ஓய்வு என்று ஒரு வருடம் குறித்து வையுங்கள். விடியற்காலையில் பறித்த பூவை ஈரத்துணியில் வைத்து, மாலைக்குள் இதழ் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் சந்தைக்கு ஆகாது.

குச்சி எடுக்கும் முறை

வெயில் தணிந்திருக்கும் கார்த்திகை, மார்கழி ஏற்ற காலம். கவாத்து செய்யும்போதே குச்சி கிடைத்துவிடும்.

பூ மலர்ந்திருக்கும்போதே அந்தக் கிளையில் வண்ண நூல் கட்டிவிடுங்கள். பூ உதிர்ந்த பின், பென்சில் பருமனில், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணுக்களுடன் வெட்டுங்கள். கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்வெட்டு கணுவுக்குச் சற்று மேலே நேராகவும் இருக்கட்டும். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்கவும் இது உதவும். இலையில் மஞ்சள் கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால் அது நச்சுயிரி நோய்; குச்சியோடு கூடவே வரும். அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

வேர் பிடிக்க ஐபிஏ வளர்ச்சி ஊக்கியை 500 பிபிஎம் அளவில், அதாவது 100 மில்லி கரைசலுக்கு 50 மில்லிகிராம், பயன்படுத்தலாம். இது தண்ணீரில் நேரடியாகக் கரையாது. முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைத்துப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். அடிமுனையைச் சில நொடிகள் நனைத்தால் போதும்.

செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் சம அளவில் கலந்து, துளையிட்ட பாலித்தீன் பையில் நிரப்பி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு, நிழலில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. பத்து பதினைந்து நாளில் துளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டதாக எண்ணாதீர்கள். குச்சியில் சேமித்த உணவிலிருந்தே துளிர் வரும். வேர் பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

எட்வர்ட், ஆந்திரா சிவப்பு இரண்டும் குச்சியில் நன்றாக வரும். பெரிய பூ வீரிய ரகங்களில் பல, குச்சியில் வந்தாலும் சொந்த வேரில் வலுவின்றி நிற்கும். அவற்றுக்கு ஒட்டுக்கட்டுவதே நல்லது.

முதலில் இருபது, பிறகு வயல்

முதல் வருடம் இருபது குச்சி மட்டும் போடுங்கள். பிழைத்தவற்றை வயலின் ஓர் ஓரத்தில் நட்டு, பூவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அடுத்த பருவத்தில் அவையே உங்கள் தாய்ச்செடிகள். ஒரு வருடம் தாமதமாகும். ஆனால் தவறான செடியில் ஒரு ஏக்கர் போகாது.

பெரம்பலூர் மாவட்டக் கரிசலில் தண்ணீர் தேங்கினால் ரோஜா வேர் அழுகும். வடிகால் வசதியுடன் மேட்டுப்பாத்தி அமையுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்துத் தெளிக்கலாம். வயலில் நடும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துவிடுங்கள். வாலிகண்டபுரத்திலேயே வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. செடி பற்றிக் கேட்கப் போகும்போது ஒற்றைப் பூவை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். பூ, மொட்டு, இலை, முள் எல்லாம் உள்ள ஒரு முழுக் கிளையுடன், செடியின் அடிப்பாகத்தைச் செல்போனில் படம் எடுத்துப் போங்கள்.

இடிக்கப்போகும் பழைய வீட்டு வாசலில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே வருடக்கணக்காகப் பூக்கும் ரோஜா ஒன்று உங்கள் ஊரில் இருக்கலாம். உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் தேறிய செடி அது. பொக்லைன் வருவதற்குள் வீட்டுக்காரரிடம் கேட்டு, நான்கு குச்சி எடுத்து வையுங்கள்.