தனியாக உள்ளே போக முடியாத வீடுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மேசா வெர்டே என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. செங்குத்தான மணற்பாறை முகட்டுக்குக் கீழே, குடைந்தது போன்ற பொந்துகளில், பியூப்ளோ மக்களின் முன்னோர் 1200-களில் கட்டிய கல் வீடுகள். பெரியது கிளிஃப் பேலஸ்: சுமார் 150 அறைகள், 23 கிவாக்கள். கிவா என்றால் தரைக்குக் கீழே தோண்டிய வட்டமான சடங்கு அறை.

இதற்குள் நாமாகப் போக முடியாது. டிக்கெட் எடுத்து, ரேஞ்சர் பின்னால் கூட்டமாகத்தான் போகணும். பால்கனி ஹவுஸுக்கு இன்னும் கடினம். 32 அடி மர ஏணி ஏறி, 18 அங்குல அகலமும் 12 அடி நீளமும் உள்ள பொந்தில் தவழ்ந்து வெளியே வரணும். நாற்காலியிலேயே உட்கார்ந்து தொப்பை வளர்த்த என்னைப் போன்றவர்கள் யோசித்து டிக்கெட் எடுப்பது நல்லது!

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? எண்ணூறு வருஷ மண்சாந்து, தினமும் பலர் கை வைத்தால் உதிரும். அது ஒரு காரணம். இன்னொன்று பழைய கதை. 1888 டிசம்பரில் மாடு தேடிப் போன ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் இருவரும் கிளிஃப் பேலஸைப் பார்த்தார்கள். அதன்பின் ஆளாளுக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். 1891-ல் வந்த குஸ்தாவ் நோர்டன்ஷியோல்ட் என்ற இளைஞர் முறையாகத்தான் தோண்டினார், குறிப்பெடுத்தார், படமெடுத்தார். ஆனால் கிடைத்ததை எல்லாம் ரயிலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பப் பார்த்தார். டுராங்கோ ஊரில் கைது செய்தார்கள். எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? அப்படி ஒரு சட்டமே இல்லை! விட்டுவிட்டார்கள். தொல்பொருள் சட்டமும் இந்தப் பூங்காவும் வந்தது 1906 ஜூனில்தான்.

அவர் கொண்டுபோனவை கடைசியில் பின்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயின. பானை மட்டுமல்ல, புதைக்கப்பட்ட மனிதர்களும்தான். சுமார் இருபது பேரின் எச்சங்களும், கூட வைத்திருந்த 28 பொருட்களும் 2020-ல் திரும்பி வந்தன. ஹோப்பி உள்ளிட்ட வழித்தோன்றல் மக்கள் அவற்றைப் பூங்காவிலேயே மறுபடி புதைத்தார்கள்.

வழித்தோன்றல்களா? இவர்கள் "மர்மமாக மறைந்துபோனார்கள்" என்றுதானே யூடியூபில் சொல்கிறார்கள்? எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். 1276-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் கடும் வறட்சி என்று மரவளையங்கள் காட்டுகின்றன. வறட்சியோடு மோதல்களும் சேர்ந்துகொள்ள, 1300 வாக்கில் ஊர் காலி. தெற்கே போனார்கள், அவ்வளவுதான். இன்றைய ஹோப்பி, ஸூனி, ஆக்கோமா, ரியோ கிராண்டே கரை ஊர்க்காரர்கள் எல்லாம் அவர்கள் வாரிசுகள். முன்பு புழங்கிய "அனசாசி" என்ற பெயர் நவஹோ மொழிச் சொல். கிட்டத்தட்ட 'பகைவரின் முன்னோர்' என்று பொருள். தன் பாட்டன் வீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தால் யாருக்குப் பிடிக்கும்? இப்போது பூங்காவில் 'பியூப்ளோ முன்னோர்' என்றே சொல்கிறார்கள்.

அதனால் மேசா வெர்டே போகிறவர்களுக்கு என் யோசனை: முடிந்தால் நியூ மெக்சிகோவில் ஆக்கோமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் அந்தப் பழைய ஊரிலும் வழிகாட்டியோடு மட்டுமே நடக்கலாம். ஆனால் அங்கே சுற்றுலாவை நடத்துவது ஆக்கோமா மக்களேதான். அங்கே கிவாக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன, அதனால் உள்ளே எட்டிப் பார்க்க அனுமதி இல்லை.