ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘=>’ அம்புக்குறி எதற்கு? எங்கே பயன்படுத்தக் கூடாது?

டிக்கெட் புக்கிங் பக்கத்தில் 60, 59, 58 என்று குறைய வேண்டிய கவுன்ட்டவுன், திடீர்னு ‘நேன்’ என்று காட்டினால்? ‘இது எண்ணே அல்ல’ என்பதுதான் அதன் அர்த்தம். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களைப் பல வருஷம் பாடாய்ப்படுத்திய பிழை இது. அதற்கு முடிவு கட்டியது ‘ஆரோ ஃபங்ஷன்’.

அப்படின்னா என்ன?

ஒரு வேலைக்கான கட்டளைகளின் தொகுப்புதான் ஃபங்ஷன். 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட்டில், இதற்கு ‘ஃபங்ஷன்’, ‘ரிட்டர்ன்’ என்ற சொற்களையெல்லாம் எழுதியாக வேண்டும். 2015 ஜூனில் வந்த எக்மாஸ்கிரிப்ட் 2015 இதைச் சுருக்கியது. விலையை இரட்டிப்பாக்க ‘விலை => விலை * 2’ என்று எழுதினாலே போதும். தமிழிலேயே உள்ள இந்த வரி, பிரவுசரில் அப்படியே வேலை செய்யும்!

‘திஸ்’ தந்த தலைவலி

ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘திஸ்’ என்பது நம்ம ‘இது’ மாதிரி. சாதாரண ஃபங்ஷனில், அதை எப்படி அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது சுட்டும் பொருள் மாறும். டைமரிடம் கொடுத்த ஃபங்ஷனை ஒரு விநாடி கழித்து அழைப்பது பிரவுசர். அப்போது ‘திஸ்’, கவுன்ட்டவுனை விட்டுவிட்டு பிரவுசர் விண்டோவைச் சுட்டும். அங்கே விநாடிக் கணக்கே கிடையாது. இல்லாத ஒன்றிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதுதான் ‘நேன்’.

ஆரோ ஃபங்ஷனுக்குச் சொந்தமாக ‘திஸ்’ கிடையாது. எந்த இடத்தில் எழுதப்பட்டதோ, அந்த இடத்தின் ‘திஸ்’ஸையே எடுத்துக்கொள்ளும். கவுன்ட்டவுனும் ஒழுங்காக ஓடும்.

அப்போ எல்லா இடத்திலும் போடலாமா?

கூடாது.

* ஒரு ஆப்ஜெக்ட்டின் மெத்தடாக எழுதினால், ‘திஸ்’ அந்த ஆப்ஜெக்ட்டைச் சுட்டாது.
* பட்டனை கிளிக் செய்யும்போது, ‘திஸ்’ மூலம் அந்த பட்டனைப் பிடிக்க முடியாது.
* ‘நியூ’ சேர்த்து அழைத்தால் எரர் வரும்.
* அம்புக்குறிக்குப் பிறகு நெளிவு அடைப்புக்குறி போட்டால், ‘ரிட்டர்ன்’ எழுதணும். மறந்தால் விடை ‘அன்டிஃபைன்ட்’.

பழைய பிரவுசர்களில்?

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கடைசிவரை இதை ஏற்கவில்லை. ஒரே ஒரு அம்புக்குறி இருந்தாலும், அந்த ஸ்கிரிப்ட் முழுவதுமே ஓடாமல் நின்றுவிடும். அதனால்தான் புதிய கோடை பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும் ‘பேபல்’ போன்ற கருவிகள் தேவைப்பட்டன.

இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள், இரண்டு வகையிலும் ஒரே கவுன்ட்டவுனை எழுதிப் பாருங்கள். வித்தியாசம் முதல் விநாடியிலேயே தெரிந்துவிடும்.