பழைய காமிக்ஸும் இணைய ஏலமும்: பணம் தொலையும் இடம் எது?

பிச்சாட்டூர், நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் வட்டாரங்களில் ஐம்பது வயதைக் கடந்த வாசகர்கள் பலரும் இருமொழியாளர்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்களுக்கு ஒரே இதழை இரண்டு பெயர்களில் படிக்கும் பேறு வாய்த்தது. 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய அந்த இதழ் தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. வேதாளத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் தீட்டிய விதம், எழுத்தறியாத பிள்ளைக்கும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதன் பின்னர் 1964இல் ‘இந்திரஜால் காமிக்ஸ்’ வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. 1984ஆம் ஆண்டு ‘லயன் காமிக்ஸ்’, ‘ராணி காமிக்ஸ்’ ஆகிய இரண்டையும் ஒருங்கே தந்தது. காசைச் சேர்த்துவைத்து வாங்கிப் படித்து, நண்பரிடம் மாற்றிக்கொண்டு, இறுதியில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்ட தலைமுறை நம்முடையது.

எடைக்குப் போனதனால்தான் அவை இன்று அரியவையாயின. மலிவுத் தாளில் அச்சாகிப் பிள்ளைகள் கைபட்டுக் கிழிந்த நூல், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அட்டை கலையாமல் ஒரு பரணில் கிடக்குமாயின், அதைத் தேடி ஒருவர் வருவார். முன்பு அத்தேடல் சென்னை மூர் மார்க்கெட்டில் நிகழ்ந்தது. 1985இல் அந்தச் சந்தை தீக்கிரையானது. நடைபாதைக் கடைகள் இன்றும் உள்ளன. எனினும் சேகரிப்பாளர்களின் வணிகம் பெரிதும் முகநூல் குழுக்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. ஒருவர் அட்டைப்படத்தைப் பதிவிட்டுத் தொடக்க விலையையும் ஏலம் முடியும் நேரத்தையும் குறிப்பிடுகிறார். மற்றவர்கள் கீழே தொகையை எழுதிக்கொண்டே போகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஏலம் முடிகிறது. பத்து மணி ஐந்து நிமிடத்திற்குள் பணம் அனுப்பப்பட்டுவிடுகிறது.

அந்த ஐந்து நிமிடம் வங்கியாளர்களாகிய எங்களுக்குக் கவலை தருகிறது.

சேகரிப்பாளர் தம் துறையில் கைதேர்ந்தவர். தைத்த ஊக்கு துருவேறியதா, முதுகுப்பகுதி ஒட்டப்பட்டதா, அட்டையில் அச்சான விலை அக்காலத்து விலைதானா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பழைய மாயாவி கதைகளைப் பதிப்பகமே பிற்காலத்தில் மறுபதிப்பாக வெளியிட்டுள்ளது. முதற்பதிப்பையும் மறுபதிப்பையும் அவர் நொடியில் வேறுபடுத்திவிடுவார். நூலை இத்தனை நுணுக்கமாக ஆராய்பவர், பணம் யாருடைய கணக்கிற்குச் செல்கிறது என்பதை மட்டும் ஆராய்வதில்லை. நாம் அறிந்தவரை, இவ்வகை ஏமாற்றில் போலி நூலால் பணம் இழந்தவரைவிட, நூலே இல்லாத இடத்திற்குப் பணம் அனுப்பி இழந்தவரே மிகுதி.

ஒரு நிகழ்வைச் சொல்லலாம். பெயரும் ஊரும் இங்கு வேண்டா. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆண்டுவாரியாகக் கட்டுமானம் செய்து வைத்திருந்த அம்புலிமாமா தொகுதிகளை விற்க விரும்பி இணையத்தில் படம் வெளியிட்டார். மறுநாளே ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். தொகுதிகளை எடுத்துச்செல்லக் கூரியர் ஆள் வருவார், அவரிடமே முழுப் பணமும் இருக்கும், அதற்குமுன் காப்பீட்டுக் கட்டணமாக 1,850 ரூபாய் அனுப்ப வேண்டும், அது பின்னர் திரும்பக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. ஆசிரியருக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பிப் பழக்கமில்லை. ஆதலால் கிளைக்கு வந்தார்.

“அவர் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசவில்லை, சார். புத்தகத்தின் அருமை தெரிந்தவர்” என்றார்.

முகப்பில் இருந்த இளம் ஊழியர் கேட்டது ஒரே கேள்வி. “ஐயா, விற்பவர் நீங்கள்தானே? பிறகு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?”

ஆசிரியர் சற்று நேரம் அமர்ந்திருந்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தந்தார். அந்த 1,850 ரூபாயோடு கதை முடிந்திருக்காது என்பதை வங்கித் துறையில் இருப்போர் அறிவர். காப்பீட்டுக்குப் பின் ஜிஎஸ்டி, அதன்பின் பதிவுக் கட்டணம், பின்னர் ‘தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்புங்கள்’ என்று படிப்படியாக நீளும். ஒவ்வொரு படியிலும் முன்பு கட்டிய தொகையை இழக்க மனமின்றி அடுத்த தொகையைக் கட்டுவோம். பேரம் பேசாத வாங்குபவரைக் கண்டால் மகிழ்வதற்குப் பதிலாக ஐயுறுவதே நம்மூர்ச் சந்தை வழக்கம். கத்தரிக்காய் வாங்கும்போது நமக்கிருக்கும் அந்த அறிவு கைப்பேசித் திரையில் எப்படியோ மறைந்துவிடுகிறது.

இதே சூழ்ச்சி பழைய நாணயம், பழைய ரூபாய்த்தாள் ஆகியவற்றில் இன்னும் பரவலாக நிகழ்ந்தது. குறிப்பிட்ட படமுள்ள ஐந்து ரூபாய்த்தாளுக்கு இலட்சக்கணக்கில் விலை என்ற விளம்பரங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். இதில் இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையுமே மோசடியாளர்கள் பயன்படுத்தத் தொடங்கியதால், 2021 ஆகஸ்டில் அவ்வங்கி பொது எச்சரிக்கை வெளியிட்டது. பழைய தாள்களையும் நாணயங்களையும் வாங்கி விற்கும் எந்தச் செயலிலும் தான் ஈடுபடவில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ தரகோ வரியோ கேட்பதில்லை என்றும், தன் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்திற்கும் தனிமனிதருக்கும் அதிகாரம் வழங்கவில்லை என்றும் அதில் தெளிவுபடுத்தியது. நாணயம் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் காமிக்ஸ் என்ற சொல்லை வைத்தால் மேற்கண்ட ஆசிரியரின் கதை அப்படியே பொருந்தும்.

விலை பற்றிய மயக்கத்திற்கு வெளிநாட்டுச் செய்திகளும் ஒரு காரணம். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938இல் பத்து சென்டுக்கு விற்றது. அதன் ஒரு படி 2014இல் ஈபே தளத்தில் 32 இலட்சம் டாலருக்கும், மற்றொரு படி 2024இல் 60 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயின. அங்கே 1970 முதல் வெளிவரும் விலைக் கையேடு ஒன்று உண்டு. நூலின் நிலையைப் பத்துக்கு இத்தனை என மதிப்பிட்டு நெகிழிப் பேழையில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனமும் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு அவ்வாறு அனைவரும் ஏற்கும் விலைக் கையேடு இல்லை. இரண்டு சேகரிப்பாளர்கள் போட்டியிட்ட தொகையே அன்றைய விலை. அந்தப் போட்டி மெய்யானதா என்பதே அடுத்த கேள்வி.

விற்பவரின் ஆட்களே வேறு பெயர்களில் ஏலம் கேட்டு விலையை ஏற்றுவது பழைய தந்திரம். 2000ஆம் ஆண்டு ஈபே தளத்தில் ஓர் ஓவியம், புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்னின் படைப்பு என்ற தோற்றத்துடன் ஏலத்திற்கு வந்தது. கேள்வி 1,35,000 டாலரைத் தாண்டியது. ஓவியம் போலி என்பதுடன், விற்றவரும் கூட்டாளிகளும் பல கணக்குகளில் ஒருவர் பொருளுக்கு மற்றவர் ஏலம் கேட்டுவந்ததும் புலனாய்வில் வெளிப்பட்டது. வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். முத்திரையிட்ட பேழையும் முழுக் காவல் அன்று. 2023 இறுதியில், பேழையிலிருந்த உயர்தர நூலை எடுத்துவிட்டுத் தாழ்ந்த நிலையிலுள்ள படியை வைத்து மீண்டும் முத்திரை பெற்ற ஏமாற்று அமெரிக்காவில் அம்பலமானது. ஐயத்திற்குரிய ஏறத்தாழ 350 நூல்களின் பட்டியலை அம்மதிப்பீட்டு நிறுவனமே வெளியிட நேர்ந்தது.

நம் குழுக்களில் நிகழ்வது இதைவிட எளியது. வேறொருவர் முன்பு விற்ற நூலின் படத்தை எடுத்துத் தமது போல வெளியிடுவர். அல்லது ஏலத்தில் தோற்றவருக்கு மட்டும் தனிச்செய்தி அனுப்பி, ‘வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன், அரைமணி நேரத்தில் பணம் அனுப்புங்கள்’ என்பர். அனுப்புபவர் விற்பனையாளரே அல்லர். அவருடைய பெயரையும் முகப்புப் படத்தையும் போட்டுக்கொண்ட வேற்றாள். தோற்ற ஏக்கத்தில் இருப்பவர் எண்ணைச் சரிபார்ப்பதில்லை. இன்றைய தேதியும் தம் பெயரும் எழுதிய துண்டுத்தாளை நூலின்மேல் வைத்துப் புதிய படம் அனுப்புமாறு கேட்டாலே இவர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிடுவர். காணொளி அழைப்பில் நூலைப் புரட்டிக் காட்டச் சொல்வது இன்னும் நன்று. மெய்யான சேகரிப்பாளர் இதனால் வருந்துவதில்லை. தம் நூலைக் காட்டுவதில் அவருக்கு மகிழ்ச்சியே.

பணம் செல்லும் வழி

யுபிஐ மூலம் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை; க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பணப் பரிமாற்றத்தில் பின் எண்ணை இடுவது, நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்கே. ‘பணம் கேட்கும் கோரிக்கை’ அனுப்பிப் பறிப்பது மிகுந்ததால், தனிமனிதர்களுக்கிடையே அவ்வசதியை 2025 அக்டோபர் முதல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. க்யூஆர் குறியீட்டை அனுப்பி ‘இதை ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்’ என்னும் பொய்யை அந்த மாற்றம் தடுக்காது. நூல் விற்பவர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும்: பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட் ஒரு படம் மட்டுமே. தம் கணக்கு இருப்பைப் பார்த்த பிறகே பொதியைக் கட்ட வேண்டும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது, பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயர். ஏலம் நடத்தியவர் ஒருவராகவும் திரையில் வருபவர் முற்றிலும் வேறொருவராகவும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ‘மைத்துனர் கணக்கு’ என்ற விளக்கம் மெய்யாகவும் இருக்கலாம். மைத்துனருக்குப் பணம் அனுப்ப நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர். பெரிய விற்பனைத் தளங்களில் அட்டை மூலம் செலுத்தினால், பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கோரும் வழி ஒன்றுண்டு. தனிமனிதருக்கு யுபிஐயில் அனுப்பிய தொகைக்கு அவ்வழி இல்லை. பழைய வாசகர்கள் வி.பி.பி. முறையை நினைவுகூர்வர். அதிலும் பணம் செலுத்திய பின்னரே உறையைத் திறக்க இயலும் என்பதால், அது பொதி வந்ததற்குச் சான்றாகுமேயன்றி உள்ளிருப்பதற்குச் சான்றாகாது.

இழப்பு நேர்ந்துவிட்டால் விதி என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் கூறுவது எங்கள் கடமை. மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் நெறிகளை வகுத்தது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி, மூன்றாம் தரப்பால் பணம் பறிபோய், தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் அந்நெறி நம் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளுக்கானது. ஏலத்தில் வென்றதாக நம்பி நாமே பின் எண்ணை இட்டு அனுப்பிய தொகையை அது காப்பதில்லை. கிளைக்கு வந்து ‘வங்கி திருப்பித் தரும் அல்லவா?’ என்று கேட்போரிடம் இதைச் சொல்வதுதான் எங்கள் பணியில் மிகக் கடினமான பகுதி.

எஞ்சியிருக்கும் நம்பிக்கை விரைவு ஒன்றே. 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனே தெரிவித்தால், பணம் சென்று சேர்ந்த கணக்கில் அத்தொகையை முடக்கிவைக்குமாறு அந்த வங்கிக்குத் தகவல் செல்லும். மோசடியாளரும் இதை அறிவார். ஆகவே பணம் முதற்கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் இரண்டாம், மூன்றாம் கணக்குகளுக்குப் பிரிந்து, இறுதியில் ஏதோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாகிறது. இடையிலுள்ள கணக்குகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களும் வேலை தேடும் இளைஞர்களும் சிறுதொகைக்கு ‘வாடகைக்கு’ விட்டவை. தம் பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் அவ்வாறு கொடுத்தவர் காவல்துறை விசாரணைக்கு உள்ளாவார். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பின் இதை அவர்களிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

நம் வட்டாரம் 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்திற்கு மாறியது. எல்லையோரம் என்பதால், வாங்குபவர் பிச்சாட்டூரிலும் விற்பவர் தமிழ்நாட்டிலும் இருப்பது இயல்பு. எந்த மாநிலக் காவல் நிலையம் என்று ஆராய்ந்து காலந்தாழ்த்த வேண்டியதில்லை. 1930 நாடு முழுவதற்கும் ஒரே எண். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் வீட்டிலிருந்தே பதிவுசெய்யலாம். பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எதிர்த்தரப்பின் கைப்பேசி எண், யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் பதிவு விரைவாக முடியும்.

காலம் வீணாவது பெரும்பாலும் கூச்சத்தினால். ‘இந்த வயதில் பொம்மைப் புத்தகத்திற்கு ஆறாயிரமா?’ என்று வீட்டில் கேட்பார்களே என அஞ்சி, உரையாடலை அழித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கிளைக்கு வருகிறார்கள். அழித்த உரையாடலில்தான் சான்றுகள் யாவும் இருந்தன. ஏலம் பெரும்பாலும் விடுமுறை நாளின் இரவில் முடிகிறது. கிளை திறக்கும்வரை காத்திருக்க வேண்டா. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கும் 1930ஐ அழைக்கலாம். கிளைக்கு மறுநாள் காலை வந்தால் போதும், உரையாடல் அழியாத கைப்பேசியோடு.