1748 என்று தட்டினால்

தாசேக் கெலுகோர் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் கம்போடியக் காடு ஒன்றின் வரவு செலவைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். கார்பன் கிரெடிட்டுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பின் பதிவேடு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. திட்ட எண் 1748 என்று தட்டினால் தெற்குக் கார்டமம் காடு வந்து நிற்கும்.

மலேசியாவுக்கு அந்தக் காடு புதிதல்ல. 2022 டிசம்பரில் கார்பன் சந்தை தொடங்கிய புர்சா மலேசியா, 2023 மார்ச்சில் நடத்திய முதல் ஏலத்தில் இந்தக் காட்டின் கிரெடிட்டுகளும் சீனாவின் லின்ஷு உயிர்வாயுத் திட்டத்தின் கிரெடிட்டுகளும் விற்றன. மொத்தம் 150,000, வாங்கியவர்கள் 15 பேர். காட்டுக் கிரெடிட் ஒன்றுக்கு 68 ரிங்கிட், உயிர்வாயுவுக்கு 18.50.

ஒரு கிரெடிட் ஒரு டன் கரியமில வாயுவைக் குறிக்கும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. வாங்கிய நிறுவனம் தன் புகைக்கு ஈடாக அதைக் கணக்குக் காட்டியதும் பதிவேட்டில் 'ஓய்வு' விழும். மறுபடி விற்க முடியாது. யாருக்காக ஓய்வு என்ற கட்டம் மட்டும் சில வேளை காலியாகக் கிடக்கும். எரிச்சல்தான்.

காட்டுக்குள் நடப்பதை வரிசை எண் சொல்லாதே! ஏலம் முடிந்த மூன்றே மாதத்தில், 2023 ஜூனில், வெர்ரா இத்திட்டத்துக்குப் புதுக் கிரெடிட் வழங்குவதை நிறுத்தி ஆய்வில் இறங்கியது. அங்கு வாழும் சோங் பழங்குடியினரிடம் முறையாகக் கேட்காமலே திட்டம் தொடங்கியது என்று 2024 பிப்ரவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குற்றம் சாட்டியது, நடத்துபவர்கள் மறுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தடை நீங்கியது.

இடையில், 2024 ஜூலையில் சபாவின் குவாமுட் மழைக்காடு ஏலத்துக்கு வந்தது: கிரெடிட் 50 ரிங்கிட். பினாங்குத் தீவைப்போல் இரண்டரை மடங்குக்கும் பெரிய காடு. அதன் கண்காணிப்பு அறிக்கைகளும் அதே பதிவேட்டில்தான் இருக்கின்றன.