உஷார்! சுவரில் தொங்கும் மெடல் ரெக்கார்டில் இருக்கிறதா?

உங்கள் வீட்டில் ராணுவ பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால், அவருடைய டிஸ்சார்ஜ் புக்கை இன்றைக்கே பீரோவிலிருந்து எடுங்கள். அவர் வாங்கிய மெடல்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மெடல் பளபளக்கிறது, ஜனாதிபதி மாளிகை போட்டோகூட இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கண்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் காசு கொடுத்தால் எந்த மெடலின் நகலும் கிடைக்கும். அதனால் அரசாங்கம் மெடலைப் பார்த்துப் பணம் தருவதில்லை, எழுத்தைப் பார்த்துத்தான் தருகிறது.

எவ்வளவு பணம்? 2017 ஆகஸ்டில் இரட்டிப்பாக்கிய விகிதப்படி, வீரத்துக்கான சேனா மெடலுக்கு மாதம் 2,000 ரூபாய், சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீர் சக்ராவுக்கு 7,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000, பரம் வீர் சக்ராவுக்கு 20,000. இது பென்ஷனுக்கு மேல் வருகிற தனிப் படி. அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குப் போகும். மனைவி மறுமணம் செய்துகொண்டாலும் நிறுத்தக்கூடாது என்று அதே ஆண்டு நவம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். மாநில அரசின் ரொக்கப் பரிசு வேறு. இத்தனையும் ரெக்கார்டில் இருக்கவேண்டிய ஒரு வரியை நம்பி நிற்கிறது.

அந்த வரி எப்படி விட்டுப்போகும்? விருதுப் பட்டியல் வருவது ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களை ஒட்டி. அதற்குள் ஆள் பணி முடிந்து ஊர் வந்து சேர்ந்திருக்கலாம், டிஸ்சார்ஜ் புக்கும் அவரோடு வந்திருக்கும். பிறகு கெஜட்டில் பேர் வந்தாலும் புத்தகம் தானாக நிரம்பாது. ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தவர்கள் கூடுதலாக உஷார்! அங்கே இருப்பவர்கள் எல்லாம் சொந்த ரெஜிமென்டிலிருந்து போனவர்கள். சண்டை காஷ்மீரில், சிபாரிசு செய்தது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பட்டாலியன். ஆனால் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் அவருடைய ஆவணக் கட்டு இருப்பது நீலகிரி வெலிங்டனில். நடுவில் ஒரு காகிதம் நழுவினால் போதும்.

இன்னொரு பொறி, நம்பர். சிப்பாயாகவோ ஹவில்தாராகவோ இருக்கும்போது ஒரு சர்வீஸ் நம்பர். நாயப் சுபேதார் ஆனதும் ஜே.சி. என்று தொடங்கும் புது நம்பர். மெடல் பழைய நம்பரில் கிடைத்திருக்கும், பென்ஷன் ஆர்டர் புது நம்பரில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்கிற பதிவு உத்தரவு கண்ணில் படாவிட்டால், ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு இனிஷியல் தொல்லை வேறு. கையெழுத்து ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் எஸ்’, ராணுவக் கட்டில் அப்பா பேரே குடும்பப் பேராக ஏறி இன்னொரு விதம். மனைவி பேர் ‘செல்வி’யா, ‘தமிழ்ச்செல்வி’யா என்பதில் நின்றுபோன குடும்ப பென்ஷன்கள் உண்டு.

பேரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதற்கு நாடறிந்த உதாரணமே இருக்கிறது. 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லில் போரிட்ட 18 கிரெனடியர்ஸ் பட்டாலியனின் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம் வீர் சக்ரா அறிவித்தபோது, மறைவுக்குப் பின் தரும் விருது என்று அறிவித்துவிட்டார்கள். அவரோ குண்டுக் காயங்களோடு ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். அதே பட்டாலியனில் அதே பேர் கொண்ட இன்னொருவர் உயிர்நீத்திருந்தார். நாட்டின் மிக உயர்ந்த விருது என்பதால் உடனே தெரிந்து திருத்தினார்கள். சேனா மெடல் வாங்கிய ஒரு நாயக்குக்கு இப்படி நடந்தால் டெல்லியில் யார் கவனிப்பார்கள்?

சேனா மெடலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீரத்துக்குத் தருவதும் உண்டு, சிறந்த பணிக்குத் தருவதும் உண்டு. மாதப் படி முதல் வகைக்கு மட்டும். புத்தகத்தில் வெறுமனே ‘சேனா மெடல்’ என்று இருந்தால் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். சியாச்சின் மெடல், ஆபரேஷன் விஜய் மெடல் போன்றவற்றுக்கு மாதப் படி கிடையாது. அதற்காக அலட்சியம் வேண்டாம். எந்தக் களத்தில் நின்றார் என்பதற்கு அவை சாட்சி. பின்னாளில் போர்க்காயம் என்று ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கும்போது இவையும் கைகொடுக்கும்.

சரி, விட்டுப்போயிருக்கிறது. என்ன செய்வது? முதலில், செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் புக்கில் பேனாவை எடுத்து நீங்களே எழுதிவிடாதீர்கள். உண்மையாகவே வாங்கிய மெடலாக இருந்தாலும் அது ஆவணத்தைத் திருத்திய குற்றம். மெடலை அழுத்தித் தேய்த்துப் பாலிஷும் போடாதீர்கள். விளிம்பில் நம்பர், பதவி, பேர் பொறித்திருக்கும். அதுவே உங்கள் முதல் ஆதாரம், அதைத் தெளிவாகப் போட்டோ எடுங்கள். கெஜட் பக்கத்தின் நகல், சைட்டேஷன், யூனிட் ஆர்டர் என்று கிடைத்ததைச் சேருங்கள். விண்ணப்பத்தை அந்தந்த ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். பழைய நம்பர், புது நம்பர் இரண்டையும் எழுதுங்கள். பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பென்ஷன் ஆர்டரிலும் ‘ஸ்பர்ஷ்’ என்கிற ராணுவ பென்ஷன் இணையதளக் கணக்கிலும் ஏற்றக் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள், காசு வேண்டாம். கட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், ராணுவம் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

வாங்கிய விருதை ஏற்றுவது வேறு, கிடைத்திருக்க வேண்டிய விருதைக் கேட்பது வேறு. இரண்டாவது மலை ஏறுவது. கார்கிலில் படாலிக் பகுதியில் பிரிகேடை நடத்தி, உரிய அங்கீகாரம் கேட்டுப் போராடிய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் போர் அறிக்கைகளில் உண்மை திரிக்கப்பட்டது என்று ஆயுதப் படைத் தீர்ப்பாயம் சொன்னது 2010இல். பிரிகேடியருக்கே பதினோரு வருஷம்!

காலம் கடத்துவதில்தான் பெரிய ஆபத்து. தாமதமாகக் கேட்கும் பென்ஷன் வழக்குகளில், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டுமே என்பது தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. இருபது வருஷம் சும்மா இருந்தவர் பதினேழு வருஷப் பணத்தை மறக்க வேண்டியதுதான். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 25 ஆண்டு கழிந்ததும் அவர்கள் கட்டை அழித்துவிடுவார்கள், ‘லாங் ரோல்’ என்கிற பதிவேட்டில் இருக்கும் சில வரிகள்தான் மிஞ்சும். ஆள் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். எந்தக் கம்பெனி, எந்த கமாண்டிங் ஆபீசர், கூட இருந்தவர் யார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அம்மாவிடம் கேட்டால் ‘ஏதோ பனிமலையில இருந்தாரு’ என்பதற்கு மேல் வராது.

இதிலும் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள். ‘உங்க மெடல் அரியர் வந்திருக்கு, ஸ்பர்ஷ்ல ஏத்தணும், ஓ.டி.பி. சொல்லுங்க’ என்று இந்தியிலோ அரைகுறைத் தமிழிலோ போன் வந்தால் உடனே வையுங்கள். போனில் ஓ.டி.பி. கேட்பவன் எவனும் ரெக்கார்ட் ஆபீஸ்காரன் இல்லை. பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அந்த நிமிஷமே அடியுங்கள். அரியரில் பங்கு பேசிக்கொண்டு டிஸ்சார்ஜ் புக்கின் அசலை வாங்கிப்போகும் தரகரிடமும் உஷார். அசல் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது.

ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்துவிட்டால் சென்னையிலேயே ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டு, அடுத்த ஆறு மாதத்துக்குள். அதனால் விண்ணப்பத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அந்த ரசீதை டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.