குழாய் உடைந்தால் கூலியா, கைவேலையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

வெயில் காலம். தக்காளி பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. சனிக்கிழமை மதியம் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வயலுக்குப் போனால், கடைசி வரிசைகளுக்குத் தண்ணீர் போகவில்லை. வரப்போரம் ஓர் இடத்தில் மண் கொப்பளிக்கிறது. உள்ளே புதைத்த 63 மி.மீ. பி.வி.சி பைப்பில் வெடிப்பு. பிளம்பருக்கு போன் போட்டால், ''இன்னைக்கு ஆகாதுங்க, திங்கட்கிழமை பாக்கலாம்'' என்று பதில் வருகிறது.

சொட்டுநீர் போட்ட எந்த ஊரிலும் இந்த நிலைமை உண்டு. வீட்டிலும் இதே கதைதான். இரவெல்லாம் ஒழுகிய குழாயால் காலையில் தொட்டி காலியாகிவிடும். மோட்டார் ஓடுகிற நேரம் வரும்வரை வீட்டுப் பெண்கள்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

பிளம்பர் கேட்கிற கூலியைக் கொடுப்பதா, நாமே செய்துவிடுவதா? 'நாமே செய்தால் மிச்சம்' என்று பலர் நினைக்கிறார்கள். சில வேலைகளில் அது உண்மை. சில வேலைகளில் நஷ்டம். இன்னும் சில வேலைகளில் உயிருக்கே ஆபத்து. எது எந்த வகை என்று பிரித்துக்கொண்டால், பணமும் மிஞ்சும், பயிரும் தப்பும்.

கூலி மட்டும் செலவு அல்ல!

மேலே சொன்ன பைப் வெடிப்பையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கப்ளர், துண்டு பைப், சொல்யூஷன் எல்லாம் சேர்த்து 250 ரூபாய். பிளம்பர் கூலி 600 ரூபாய். அவர் வந்துபோக பெட்ரோல் 100 ரூபாய். மொத்தம் 950 ரூபாய்.

நாமே செய்தால்? பொருள் அதே 250 ரூபாய். ரம்பம், அரம், ஸ்பேனர் வாங்க 500 ரூபாய். பள்ளம் பறித்து, வெட்டி, ஒட்ட அரை நாள். அந்த உழைப்புக்கு 300 ரூபாய். மொத்தம் 1,050 ரூபாய். அதாவது, முதல் தடவை நாமே செய்வது 100 ரூபாய் அதிகம்! ஒட்டியது சரியாகப் பிடிக்காமல் மறுபடியும் செய்ய நேர்ந்தால், இன்னொரு 550 ரூபாய் சேர்ந்து 1,600 ரூபாய் ஆகிவிடும்.

ஆனால், அடுத்த முறை உடையும்போது கருவி கையில் இருக்கும். செலவு 550 ரூபாய்தான். ஒவ்வொரு தடவையும் 400 ரூபாய் மிச்சம். ஆக, வருடத்துக்கு ஒருமுறைகூட வராத வேலைக்குக் கருவி வாங்கிக் கற்றுக்கொள்வதில் பெரிய லாபம் இல்லை. அடிக்கடி வருகிற வேலையைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் நஷ்டம்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுகிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, சொந்த உழைப்பு. மல்லிகை பறிக்க வேண்டிய காலையில் குழாயோடு மல்லுக்கட்டினால், பறிக்காமல் விட்ட பூவும் செலவுக் கணக்கில்தான் வர வேண்டும். இரண்டாவது, காத்திருப்பு. பூப்பருவத்தில் இரண்டு நாள் தண்ணீர் தவறி, பூ உதிர்ந்தால் அந்த நஷ்டத்துக்கு முன்னால் 600 ரூபாய் கூலி ஒன்றுமே இல்லை. எனவே, 'கூலி எவ்வளவு?' என்று கேட்கும் முன்பாக, 'எத்தனை நாள் தாங்கும்?' என்று கேட்க வேண்டும்.

கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டியவை

சொட்டுநீர்க் குழாய்: எலி, அணில் கடிப்பது, களைக்கொத்து பட்டு அறுவது எல்லாம் தோட்டத்தில் வாடிக்கை. 16 மி.மீ. பக்கவாட்டுக் குழாய் அறுந்தால், இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, ஒரு ஜாயினர் மாட்டினால் போதும். பசை தேவையில்லை. ஜாயினர், எண்ட் கேப், ரப்பர் வாஷர் எல்லாம் பத்துப் பத்து வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மோட்டார் அறையில் வைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. மாட்டியதும், அந்த வரிசையின் கடைசி மூடியைத் திறந்து, உள்ளே புகுந்த மண் வெளியேறும்வரை தண்ணீரை ஓடவிட வேண்டும். இதை மறந்தால் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும்.

மானியத்தில் சொட்டுநீர் அமைத்தவர்கள், நிறுவனம் கொடுத்த ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அமைத்த பிறகு எத்தனை காலம் இலவசச் சேவை என்று அதில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் பழுதானால், முதல் போன் நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒழுகும் குழாய்: ஒழுகல் சின்னது என்று விட்டுவிடுகிறோம். குழாய்க்கு அடியில் ஒரு சொம்பை ஒரு மணி நேரம் வையுங்கள். சேர்ந்த தண்ணீரை அளந்து 24-ஆல் பெருக்குங்கள். அரை லிட்டர் சேர்ந்தாலே நாளைக்கு 12 லிட்டர், மாதத்துக்கு 360 லிட்டர்!

சாதாரணத் திருகு குழாயில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றி, பழைய வாஷரைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கி மாட்டலாம். மரையில் ஒழுகினால், டெஃப்லான் டேப்பை மரை முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால், முடுக்கும்போது பிரிந்துவிடும்.

63 மி.மீ., 75 மி.மீ. பி.வி.சி பைப் ஒட்டுதல்: பொறுமை இருந்தால் இதையும் கற்றுக்கொள்ளலாம். வெடித்த இடத்தின் இருபுறமும், பைப் முனைகளைச் சற்றுத் தூக்கி மாட்டுகிற அளவுக்கு நீளமாக மண்ணை எடுக்க வேண்டும். தண்ணீரை முழுவதும் வடித்து, பைப்பை நேராக அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்து, துணியால் துடைத்து ஈரமில்லாமல் உலரவிட வேண்டும். ஈரம் இருந்தால் பிடிக்காது. பைப்பின் வெளியிலும் கப்ளரின் உள்ளேயும் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி முழு ஆழத்துக்கு நுழைத்து, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும்.

டப்பாவில் போட்டிருக்கும் காய்கிற நேரம் முடியும்வரை மோட்டாரைப் போடக் கூடாது. பெரும்பாலான ஒட்டுகள் அவிழ்வது இந்த அவசரத்தால்தான். பிறகு வால்வை மெதுவாகத் திறந்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே மண்ணை மூட வேண்டும்.

கப்ளர் இல்லாவிட்டால், வைக்கோல் நெருப்பில் பைப் முனையைக் காய்ச்சி விரித்து மாட்டுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. சூடு ஏறிய இடம் பலவீனமாகி, பிறகு அதே இடத்தில் வெடிக்கும். சில ரூபாய் கப்ளருக்காக இதைச் செய்ய வேண்டாம். சுடுதண்ணீருக்குப் போடுகிற சி.பி.வி.சி பைப்புக்குத் தனி சொல்யூஷன் உண்டு. ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது முறை உடைந்தால், ஆளைக் கூப்பிடுங்கள்!

அதே இடத்தில் பைப் திரும்பத் திரும்ப உடைந்தால், கோளாறு ஒட்டில் இல்லை. வளைவில் தண்ணீர் தள்ளும் விசையைத் தாங்க கான்கிரீட் முட்டு இல்லாமல் இருக்கலாம். மேட்டில் காற்று வெளியேற ஏர் வால்வு இல்லாமல் இருக்கலாம். ஓடுகிற தண்ணீரை, வால்வைச் சட்டென்று மூடி நிறுத்துகிற பழக்கம் இருக்கலாம். அழுத்தம் தாங்காத ரக பைப்பைப் போட்டிருக்கலாம். இதற்கு அனுபவமுள்ள பிளம்பர் ஒருமுறை வந்து பார்ப்பதுதான் சிக்கனம். ஒட்டிக்கொண்டே இருந்தால் சொல்யூஷன் டப்பாதான் காலியாகும்.

வீட்டுச் சுவருக்குள் பதித்த குழாய்க்கும் இது பொருந்தும். எங்கே கசிகிறது என்று தெரியாமல் சுவரை உடைத்தால், பூச்சு வேலைக்கு ஆகும் செலவு பிளம்பர் கூலியைத் தாண்டிவிடும். ஊராட்சிக் குடிநீர்க் குழாய் தெருவில் உடைந்தால், நாமே ஒட்டக் கூடாது. சரியாக ஒட்டாவிட்டால் சாக்கடை நீர் உள்ளே புகுந்து, தெருவுக்கே நோய் வரும். ஊராட்சியில் சொல்லி சரிசெய்ய வைக்க வேண்டும்.

இவற்றைத் தொடவே கூடாது!

நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்குவது: பைப், கேபிள், மோட்டார், உள்ளிருக்கும் தண்ணீர் என எடை அதிகம். நான்கு பேர் கயிறு கட்டி இழுத்து, பாதியில் நழுவினால், மோட்டாரும் போய் போர்வெல்லும் அடைத்துக்கொள்ளும். ஆட்கள் அடிபடும் ஆபத்தும் இருக்கிறது. சங்கிலிக் கப்பியும் பிடிமானக் கிளாம்பும் உள்ள ஆட்களிடம் விடுவதே நல்லது.

ஸ்டார்ட்டர், மின்வேலை: இது எலெக்ட்ரீஷியன் வேலை. பிளம்பர் வேலையும் அல்ல, நம் வேலையும் அல்ல. பம்ப்செட்டில் கிளாண்ட் கயிறு மாற்றுவது போன்ற வேலையாக இருந்தாலும், ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது. மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே மோட்டாரில் கைவைக்க வேண்டும். காரணம், பல தோட்டங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டரும் செல்போன் ஸ்டார்ட்டரும் இருக்கின்றன. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே கை இருப்பது அதற்குத் தெரியாது. வீட்டிலிருந்து யாராவது போனில் மோட்டாரைப் போட்டாலும் இதே கதிதான். எனவே, வேலை நடப்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டியும் கிணறும்: கழிப்பறைத் தொட்டி அடைத்தால், மூடியைத் திறந்து யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கூலி கொடுத்து ஆளை இறக்குவதும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் சாவார். கழிவுநீர் லாரியைத்தான் அழைக்க வேண்டும். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் அப்படித்தான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது மயக்குவது தெரியாமலே உயிர் போகும்.

கூலிக்கு முழுப் பயன் எடுப்பது எப்படி?

'அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா?' என்று பிளம்பரிடம் கோபப்படுகிறோம். அவர் வந்துபோகும் நேரம், கருவிகள், வேலை இல்லாத நாள்கள் எல்லாம் அந்தக் கூலியில் அடக்கம். கூலியைக் குறைத்துப் பேசுவதைவிட, கொடுக்கிற கூலிக்கு முழு வேலை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஒழுகும் குழாய், இறுகிப்போன வால்வு, தொட்டி மிதவை என அவசரமில்லாத வேலைகளை ஒரு தாளில் எழுதிவைத்து, ஒரே நாளில் முடிக்கச் சொல்லலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் சேர்த்துக்கொண்டால், வந்துபோகும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஐ முத்திரையுள்ள பொருளை நாமே பில்லோடு வாங்கிக் கொடுக்கலாம். வேலை நடக்கும்போது வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மகனாக இருந்தாலும் மகளாக இருந்தாலும் சரி. அடுத்த முறை அவர்களே செய்துவிடுவார்கள்.

இன்னொரு முக்கியமான வேலை. மண்ணை மூடும் முன்பாக, பைப் போகிற வழியை செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். கிணற்று மேட்டிலிருந்து எத்தனை அடியில் வளைகிறது, வால்வு எங்கே, எத்தனை மி.மீ. பைப் என்று ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். பல தோட்டங்களில் இந்த விவரம் பெரியவர் ஒருவரின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவருக்குப் பிறகு, ஒரு வெடிப்பைத் தேட வயல் முழுக்கத் தோண்ட வேண்டியிருக்கும்.

கைவைக்கும் முன்பு மூன்று கேள்விகள்

1. தவறினால் உயிருக்கு ஆபத்தா? 'ஆம்' என்றால், கூலி எவ்வளவானாலும் ஆளை அழைக்க வேண்டும்.

2. தவறினால் சேதம் கூலியைவிட அதிகமா? 'ஆம்' என்றாலும் ஆளைத்தான் அழைக்க வேண்டும்.

3. இந்தப் பழுது அடிக்கடி வருமா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்து, இதற்கு மட்டும் 'ஆம்' என்றால், இன்றே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பைப் துண்டும் இரண்டு கப்ளரும் வாங்கி, தண்ணீர் இல்லாத இடத்தில் ஒருமுறை ஒட்டிப் பழகுங்கள்.

சனிக்கிழமை மதியம் மண் கொப்பளிக்கும்போது, மோட்டார் அறையில் கப்ளரும் சொல்யூஷனும் ரம்பமும் இருந்தால், திங்கட்கிழமைவரை தக்காளி காத்திருக்க வேண்டியதில்லை.