பாக்கிக்கு வயது எத்தனை?

வெளியில் நிற்கும் பாக்கி எவ்வளவு என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். நோட்டைப் புரட்டாமலேயே சொல்பவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அந்தத் தொகையில் 30 நாளுக்குள் விற்றது எவ்வளவு, 60 நாளைக் கடந்தது எவ்வளவு, 100 நாளுக்கு மேல் அசையாமல் கிடப்பது எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. நோட்டில் அது இல்லாமல் இல்லை; தேதி போட்டுத்தான் எழுதியிருக்கிறோம். அதைத் தேடிப் பிரித்துக் கூட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கிடைப்பதே இல்லை.

இதற்குத் தினமும் விடை தரக்கூடிய கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைப்பேசியில் விலையின்றிக் கிடைக்கும் விரிதாள்தான் அது. எக்செல், கூகுள் ஷீட்ஸ் என்று பெயர்கள் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றே. நேரத்தை மிச்சப்படுத்தும், வேலையைப் பெருக்கும் என்று சொல்லி இன்று எத்தனையோ செயலிகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. ஒரு கையில் எடையும் மறுகையில் சில்லறையுமாக நிற்கும் நமக்குப் பயன்படக் கூடியவை, நம் அனுபவத்தில், இரண்டே: விரிதாள் ஒன்று, நாள்காட்டி மற்றொன்று.

விரிதாள் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்னும் மாணவர் படித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் போட்ட கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளக் கூடாதா என்று யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் லோட்டஸ் 1-2-3, எக்செல் எல்லாம் அதன் வழியில் வந்தவையே. நம் நாட்டு டாலியின் கதையும் இதைப் போன்றதுதான். ஆலைகளுக்கு மூலப்பொருள் வழங்கி வந்த வியாபாரி ஒருவர் தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகனையே செய்யச் சொன்னதில் 1986இல் உருவானது அது. கணக்கு எழுதி அலுத்தவர்களின் சிந்தனையில் பிறந்தவை இவை என்பதால், கணக்கு எழுதும் நமக்கு இவை அந்நியமானவை அல்ல.

இப்போது பாக்கிக்கு வருவோம். ஒரு டிபன் கடைக்காரர் நமக்கு 18,400 ரூபாய் தர வேண்டும். மெஸ் நடத்துபவர் ஒருவரும் அதே 18,400 ரூபாய்தான் தர வேண்டும். நோட்டின் கடைசி வரியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. டிபன் கடைக்காரருடையது முழுவதும் இந்த வாரம் எடுத்த சரக்கு. மெஸ்காரருடைய கணக்கைப் பிரித்தால், இந்த வாரத்து பில் 7,000. 25 நாள் ஆனது 5,200. மீதி 6,200 ரூபாய் 140 நாள் ஆனது. வாராவாரம் புது பில்லுக்குப் பணம் கொடுத்து வருகிறார். பழையதை மட்டும் தொடாமலே விட்டிருக்கிறார். முகம் சிரித்த முகம், வரவு வந்துகொண்டிருக்கிறது, ஆகவே நமக்கும் உறைக்கவில்லை.

அந்த 6,200 ரூபாய்ச் சரக்கில் நமக்கு நூற்றுக்கு 4 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் லாபம் 248 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வங்கிப் பணத்தை வைத்து வியாபாரம் செய்பவருக்கு, 6,200 ரூபாய்க்கு 140 நாள் வட்டி சுமார் 285 ரூபாய். ஆக, அந்தப் பணம் நாளைக்கே முழுவதும் வந்துவிட்டாலும் அந்த பில்லில் நமக்கு நஷ்டம். பாக்கியின் அளவைவிட அதன் வயதுதான் வியாபாரியைத் தின்கிறது என்று நாம் சொல்வது இதனால்தான்.

தாளை அமைப்பது கடினமன்று. பில் தேதி, பெயர், பில் எண், தொகை, வரவு, மீதி, நாள் என்று ஏழு பத்திகள் போதும். ஆளுக்கு ஒரு வரி என்று எழுதாமல் பில்லுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஆளுக்கு ஒரு வரி எழுதினால் பழைய நோட்டின் குறையை அப்படியே கைப்பேசிக்கு மாற்றியதாகும். மீதிப் பத்தியில் தொகையிலிருந்து வரவைக் கழிக்கும் சூத்திரத்தையும், நாள் பத்தியில் இன்றைய தேதியிலிருந்து பில் தேதியைக் கழிக்கும் சூத்திரத்தையும் ஒருமுறை போட்டுக் கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிக்கும் ஏறிவிடும். இன்றைய தேதியைக் குறிக்க டுடே என்னும் சொல்லும், அதை ஒட்டி ஒரு வெற்று அடைப்புக்குறியும் போதும். வீட்டுப் பிள்ளை கால் மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் வயது தானாக ஒன்று கூடி நிற்கும். 45 நாளைக் கடந்த வரி சிவப்பாகத் தெரியும்படியும் செய்துகொள்ளலாம். கணக்கு முடிந்த பில்களை வடிகட்டி மறைத்துவிட்டால் தாள் நீளாது.

டாலி போன்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள், எங்களிடம் இது முன்பே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வரவு வைக்கும்போது எந்த பில்லுக்கு என்று குறிக்காமல் பொதுவில் வரவு வைத்திருந்தால், அது காட்டும் வயதுக் கணக்கு எதற்கும் உதவாது. ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

எந்த பில்லுக்கு வரவு வைப்பது என்பதில் ஒரு சட்டக் குறிப்பும் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பணம் கொடுப்பவர் இன்ன பில்லுக்கு என்று சொல்லிக் கொடுத்து நாமும் வாங்கிக்கொண்டால் அதற்குத்தான் வைக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்தும் விளங்காமலும் இருந்தால், நம் விருப்பப்படி பழைய பில்லுக்கு வைத்துக்கொள்ளலாம். "பழைய பில்லுக்கு வைத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி" என்று அப்போதே வாய்விட்டுச் சொல்லி, ரசீதிலும் எழுதிவிடுவது நல்லது.

விரிதாளில் நாம் பட்ட தொல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் தொல்லை தேதி. நம் பழக்கப்படி தேதிக்கு இடையில் புள்ளி வைத்து எழுதினால், பெரும்பாலும் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். நாள் கணக்கு வராது. சாய்கோடு போட்டு எழுதினாலும், கருவி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 5/4 என்பதை ஏப்ரல் 5 என்று கொள்ளாமல் மே 4 என்று கொள்ளும். 29 நாள் வித்தியாசம்! அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டால் இத்தொல்லை தீரும்.

அடுத்தது நீண்ட எண்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கத்தைச் சைபராக்கிவிடும், நமக்கு அறிவிக்கவும் செய்யாது. மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப அந்த எண்ணைப் பார்த்து எழுதுபவரின் கதி என்ன? மிளகு, மிளகாய் வற்றலுக்கு உரிய எச்.எஸ்.என். குறியீடு 0904. அதன் முன்னால் உள்ள சைபர் விழுந்து 904 என்று நிற்கும். இப்படிப்பட்ட எண்களுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இட்டுவிட்டால் அடித்தது அடித்தபடியே இருக்கும்.

மூன்றாவது, நம் கடையிலேயே நடந்தது. தாளைக் கவனித்துக்கொண்ட தம்பி ஒருநாள் பெயர்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பெயர்கள் இடம் மாறின, தொகைகள் இருந்த இடத்திலேயே நின்றன. ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில்! மொத்தக் கூட்டுத்தொகை மாறாததால் அன்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, நாணயத்துக்குப் பெயர் பெற்ற ஒரு வாடிக்கையாளரிடம் 9,000 ரூபாய் பாக்கி என்று சொல்லி வசவு வாங்கிய பிறகே விளங்கியது. நல்லவேளையாக, கூகுள் ஷீட்ஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு பதிந்து வைப்பதால், பதிப்பு வரலாறு என்னும் பகுதியில் முந்தைய நிலையைக் கண்டுபிடித்து மீட்டோம். இடையில் எழுதிய இரண்டு நாள் வரவை மீண்டும் எழுத வேண்டியிருந்தது. அந்த வாடிக்கையாளர் திரும்பிவர ஒரு மாதம் ஆயிற்று. இப்போது தம்பிக்குப் பார்க்கும் உரிமையும் எழுதும் உரிமையும் உண்டு. அடுக்குவதை மட்டும் நாமே செய்கிறோம்.

நாம் கொடுக்க வேண்டியவற்றுக்கும் இதேபோல் இன்னொரு தாள் வேண்டும். அங்கே நாள் பத்திக்கு மதிப்பு இன்னும் அதிகம். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளரிடம் அப்பளமோ மசாலாப் பொடியோ வாங்கினால், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கெடுவைத் தாண்டி ஆண்டு முடிவில் நிலுவையாக நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் கணக்குக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும். ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி எடுத்த பில்லுக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரியை வட்டியுடன் திருப்ப வேண்டிவரும்.

வர வேண்டியதற்கும் கெடு உண்டு. கையில் வாங்கிய செக் 3 மாதம்தான் செல்லும். அது பணமின்றித் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். விற்ற சரக்கின் பாக்கிக்கு வழக்குப் போட, பொதுவாக 3 ஆண்டுக் காலவரம்பு. அதற்குள் பாக்கிக்காரர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாகக் காலம் தொடங்கும். தாளில் 900 என்று ஓர் எண் தெரிந்தால் கடைக்கு ஒரு நடை போய்வர இன்னும் நேரம் இருக்கிறது. 1,100 என்று தெரிந்தால் அவர் மனசாட்சியை நம்பி இருக்க வேண்டியதுதான்.

நாள்காட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு 11, 20 ஆகிய தேதிகள். காலாண்டு முறையில் இருப்போருக்குக் காலாண்டு முடிந்த மாதம் 13, தமிழ்நாட்டில் 22. இணக்க வரி செலுத்துவோருக்கு 18. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை. இவற்றைக் கைப்பேசி நாள்காட்டியில் ஒருமுறை பதிந்து, தானே திரும்ப வரும்படி வைத்துவிடலாம். கெடு நாளில் மணி அடித்துப் பயனில்லை. நான்கு நாள் முன்னதாக அடிக்கும்படி வையுங்கள். அதுவும் பிற்பகல் 3 மணிக்கு. காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் அடிக்கிற மணியைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

எப்போது எழுதுவது என்று பலரும் கேட்கிறார்கள். கூட்ட நேரத்தில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. வாடிக்கையாளருக்கும் அது பிடிக்காது. நாம் பழையபடி சிட்டையில்தான் குறிக்கிறோம். இரவு கல்லாவை எண்ணி முடித்ததும், கதவை இழுப்பதற்கு முன், சிட்டையைப் பார்த்துத் தாளில் ஏற்றுகிறோம். பத்து நிமிடம் ஆகிறது. நாளைக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட வாரங்களில் தாள் எங்களுக்கு ஒன்றும் சொன்னதில்லை.

கைப்பேசி தொலைந்தாலும் கூகுள் கணக்கில் உள்ள தாள் தொலையாது. ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசி வாங்கிய கடையில் யாரோ திறந்து கொடுத்த கணக்கை வைத்துக்கொண்டு, கடவுச்சொல் என்னவென்றே அறியாத உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றே அதைச் சரிசெய்து, கடவுச்சொல்லை வீட்டுப் பெட்டியில் எழுதி வையுங்கள். கடையில் வேண்டாம்.

எல்லாம் கைப்பேசியில் ஏறிவிட்டது என்று சிட்டையை எடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம். பாக்கிக்காரரின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது.